பாலைவன மரத்தில் ஒரு யாழ்ப்பாணப் பெட்டகம்

எங்கள் வீட்டு நடு அறையில் இருக்கும் பெட்டகத்தை என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அரிசோனாவின் டூசான் நகரில் தன் வீட்டுக் கராஜில் வைத்துக் கையாலேயே செய்தார். மரம் மெஸ்கீட். சில்லுகளும் பிடியும் முளைகளும் அயன்வூட். இரண்டும் சொனோரன் பாலைவனத்து மரங்கள். அது யாழ்ப்பாணத்து உடுவிலுக்கு வந்து சில மாரிகளைக் கண்டுவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் இப்படி ஒன்றைச் செய்து அனுப்ப நினைத்தால், அல்லது உங்களிடம் ஏற்கனவே அப்படி ஒன்று இருந்தால், நாங்கள் பழகித் தெரிந்துகொண்டவை உதவலாம் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் பழைய பெட்டகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அம்மம்மாவின் தாய்க்குச் சீதனமாக வந்தது, முதிரை மரம். நாலு சில்லு, தடித்த மூடி, உள்ளே ஒரு பக்கத்தில் நகைக்கென்று சின்ன அறை. ஓலைக் கூரை வீட்டுக் காலத்தில் தீப்பிடித்தால் இழுத்து வெளியே கொண்டுபோகத்தான் சில்லு வைத்தார்கள் என்று அம்மா சொல்லுவா. மூடி அவ்வளவு அகலம் என்பதால் பிள்ளைகள் மதியத்தில் அதன்மேலேயே படுத்துவிடுவார்களாம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி போரினால் எங்கள் வலிகாமம் பகுதி முழுதும் இடம்பெயர்ந்தபோது நாங்களும் கையில் தூக்கக்கூடியதைத் தூக்கிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தோம். பெட்டகத்தை யார் தூக்குவது? அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கதவுமில்லை, யன்னலுமில்லை, பெட்டகமும் இல்லை.

கதவு யன்னல் பிறகு போட்டோம். அவற்றைப் பற்றி அம்மா ஒருநாளும் கதைத்ததில்லை. பெட்டகத்தைப் பற்றி மட்டும் கதைப்பா. ஓய்வுபெற்ற பிறகு மரவேலையைப் பழகிய மாமா ஒருநாள் வீடியோவில் வந்து, "அக்கா, நினைவில இருக்கிறதைச் சொல்லுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார்.

தொலைந்துபோன ஒரு பொருளின் அளவை எப்படி எடுப்பது? எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம், அம்மாவின் கலியாணத்துக்கு முதல்நாள் வீட்டுக்குள் எடுத்தது. பெட்டகத்தின் முன்பக்கம் முக்கால்வாசி தெரிகிறது. அதோடு ஒட்டினாற்போல ஒரு குத்துவிளக்கு. அந்த விளக்கு கொழும்பில் சித்தி வீட்டில் இருந்ததால் தப்பியது, இப்போதும் இருக்கிறது. விளக்கின் உண்மையான உயரத்தை அளந்தோம். படத்தில் அதன் உயரத்தையும் பெட்டகத்தின் உயரத்தையும் அடிமட்டத்தால் அளந்து வகுத்தோம். இந்தக் கணக்கு சரிவர வேண்டுமென்றால், அளவுக்கு எடுக்கும் பொருளும் தேடும் பொருளும் கமராவிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். முன்னால் நிற்கும் ஆளை வைத்துப் பின்னால் இருக்கும் அலுமாரியை அளந்தால் கணக்குப் பிழைக்கும். படத்தில் தெரியாததை அம்மாவின் உடம்பு சொன்னது. பள்ளிக்கூடச் சட்டையோடு நின்றால் மூடியின் விளிம்பு எங்கே முட்டும், அடியில் கிடக்கும் சேலையை எடுக்க எவ்வளவு குனிய வேண்டும், பூட்டுத் துவாரம் எந்த விரலுக்கு எட்டும் என்றெல்லாம் அம்மா எழும்பி நின்று காட்டினா. வயதானவர்களிடம் "எத்தனை அடி" என்று கேட்காதீர்கள். "எங்கே முட்டும்" என்று கேளுங்கள், சரியாகச் சொல்லுவார்கள்.

முழு அளவில் செய்து அனுப்ப முடியாது. அதனால் நீளம் இரண்டரை அடியாகவும் அகலம் பதினாறு அங்குலமாகவும் குறைத்தார். அப்படியும் வெறும் பெட்டியே ஏறக்குறைய 25 கிலோ.

ஏன் முதிரையோ தேக்கோ வாங்காமல் மெஸ்கீட்? மாமாவுக்கு அதில் உறுதியான எண்ணம் இருந்தது. அம்மம்மாவின் பெட்டகத்தை அக்காலத்துத் தச்சர் வன்னிக்காட்டு முதிரையில் செய்தார், ஏனென்றால் அது அவருக்குக் கிட்டக் கிடைத்த மரம். தன் வளவில் நிற்பது மெஸ்கீட் என்றால் தான் மெஸ்கீட்டில்தான் செய்ய வேண்டும் என்பது அவர் கதை. எனக்கும் அது சரியென்றே படுகிறது. அதோடு மெஸ்கீட் எங்களுக்கு முழு அந்நியமும் இல்லை. நவராத்திரி முடிவில் மானம்பூ அன்று வாழையை நட்டு வெட்டுகிறோமே, அந்த வாழை நிற்பது வன்னி மரத்தின் இடத்தில். அந்த வன்னியும், தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் பரவிய சீமைக்கருவேலமும், மெஸ்கீட்டும் உறவு மரங்கள். முள், சிறு இலை, இனிப்பான காய், தண்ணீரைத் தேடிக் கீழே கீழே போகும் வேர். டூசானுக்கு அருகே ஒரு சுரங்கம் தோண்டியபோது 50 மீட்டருக்கும் ஆழத்தில் மெஸ்கீட் வேரைக் கண்டிருக்கிறார்கள். அந்தப் பாலைவனத்தின் தோகோனோ ஓதாம் மக்கள் அதன் காயை இடித்து மாவாக்கிச் சாப்பிட்டு வந்தவர்கள்.

அயன்வூட் வேறு மாதிரி. உலகத்தில் சொனோரன் பாலைவனத்தில் மட்டும்தான் வளரும். வளர்ச்சி மிக மெது. செத்த மரம்கூட உக்காமல் நெடுங்காலம் கிடக்கும். வைரம் ஏறிய பகுதி தண்ணீரில் போட்டால் தாழும். மாமா ஒரு துண்டை அனுப்பியிருந்தார். அம்மா அதைக் கிணற்றடி வாளியில் போட்டுப் பார்த்தா. நேரே அடிக்குப் போய் டொக்கென்று இடித்தது. "எங்கட பாலை மரமும் இப்படித்தான்" என்றா. மெக்சிகோக் கரையில் இருக்கும் செரி பழங்குடியினர் 1960களிலிருந்து இந்த மரத்தில் டொல்பின், ஆமை, பறவை எல்லாம் செதுக்கிப் பேர் பெற்றவர்கள். பிறகு இயந்திரத்தால் செதுக்கும் கூட்டமும் கரி சுடுகிறவர்களும் வெட்டித் தள்ளியதில் அவர்களுக்கே நல்ல மரம் அரிதாகிவிட்டது. அரிசோனாவிலும் இந்த இரண்டு மரங்களும் உள்நாட்டுத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. மாமா எடுத்தது, வீதி போடுவதற்காக அனுமதியோடு அகற்றிய மெஸ்கீட்டும், தனியார் காணியில் தானாகச் செத்து விழுந்த அயன்வூட்டும். பரம்பரைக்கென்று செய்யும் பொருளுக்கு மரம் எங்கேயிருந்து வந்தது என்று கேட்பது மிக முக்கியம். இங்கேயும் பனை தறிக்க அனுமதி வேண்டும் என்பதை மறக்கவேண்டாம்.

மெஸ்கீட் நெடுநெடுவென்று வளராது. முறுகி வளைந்து நிற்கும் மரத்திலிருந்து ஒடுக்கமான கட்டைப் பலகைகள்தான் கிடைக்கும். மூடிக்கு நாலு பலகை ஒட்டியிருக்கிறார். அதில் ஒன்றில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு. அந்த வெடிப்புக்குள் நொறுக்கிய டர்க்கோய்ஸ் கல்லைப் பசையோடு இறுக்கி நிரப்பி, காய்ந்தபின் மரத்தோடு சமமாகத் தேய்த்திருக்கிறார். அந்தப் பக்கத்து மரவேலைக்காரர்களின் வழக்கம் இது. அரிசோனா டர்க்கோய்ஸுக்குப் பேர்போன இடம். செம்பழுப்பு மரத்துக்குள் வான்நீலக் கோடு ஒன்று, ஓரிடத்தில் விரல் அகலம், போகப்போக மயிரளவு மெலிந்து, கணு ஒன்றைச் சுற்றி வளைந்து முடிகிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லுக்குள் கல்லாகக் கறுப்பு நரம்புகள். விரலால் தடவினால் மரம் எங்கே முடிகிறது, கல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. ஆனால் கல் குளிரும், மரம் குளிராது.

அம்மா முதலில் முகம் சுளித்தா. "என்ன தம்பி, வெடிச்ச பலகையைப் போட்டே மூடி செய்தனீ?"

"அந்த மரத்தில வெடிப்பில்லாத பலகை கிடைக்காது, அக்கா. மறைக்கிறதைவிட வடிவாக் காட்டுறது நல்லதெல்லே."

இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா முதலில் காட்டுவது அந்த நீலக் கோட்டைத்தான்.

இனி முக்கியமான விசயத்துக்கு வருகிறேன். டூசானில் ஆண்டு மழை 300 மில்லிமீட்டருக்கும் குறைவு. யாழ்ப்பாணத்தில் அதைப்போல நாலு மடங்கு, அதில் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். மழையை விட்டாலும் எங்கள் காற்றே ஈரம். மரம் சுற்றியிருக்கும் காற்றின் ஈரத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொண்டே இருக்கும். அங்கே வீட்டுக்குள் இருக்கும் மரத்தில், காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய 6 சதவீதம்தான் தண்ணீர். இங்கே வந்தால் அது 14, மாரியில் அதற்கு மேலும் போகும். தண்ணீர் ஏறினால் மரம் அகலத்தில் ஊதும், நீளத்தில் கிட்டத்தட்ட அசையாது. பாலைவனத்தில் செய்த பொருள் கடலோர ஊருக்கு வந்து வெடிப்பதும், மூட்டுப் பிரிவதும், பலகை வளைவதும் இதனால்தான். செய்தவர் கைத்திறன் இல்லாதவர் என்று அர்த்தமில்லை, மரம் அசைய இடம் விடாமல் பூட்டிவிட்டார் என்று அர்த்தம்.

மெஸ்கீட்டுக்கு இதில் ஒரு பெரிய குணம் உண்டு. அது ஊதுவதும் சுருங்குவதும் குறைவு. பெரும்பாலான மரங்கள் வளையத்தின் வழியே ஒரு அளவும் குறுக்கே அதில் பாதியும் சுருங்கி முறுகும். மெஸ்கீட் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவில் அசைவதால் முறுகாது. அப்படியிருந்தும் மாமா கணக்குப் பார்த்தார். நாலு பலகையும் சேர்ந்த மூடியின் நடுப்பலகை 35 சென்ரிமீட்டர் அகலம். 6 சதவீதத்திலிருந்து 14 சதவீதத்துக்கு ஈரம் ஏறினால் அது 3 மில்லிமீட்டர் அளவில் அகலும். அதனால் பலகையைச் சட்டத்தோடு ஒட்டவில்லை. சட்டத்தின் உட்பக்கம் காடி வெட்டி, பலகையின் விளிம்பு அதற்குள் சும்மா நழுவி நிற்கும்படி, இரண்டு பக்கமும் இடம் விட்டுச் செருகியிருக்கிறார். பலகை உள்ளுக்குள் மூச்சு விடும், சட்டம் அசையாது. நீங்கள் யாரிடமாவது செய்விப்பதானால் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான்: நடுப்பலகை ஒட்டியதா, விட்டதா? ஒட்டியது என்று பதில் வந்தால் யோசியுங்கள்.

அயன்வூட் முளைகளுக்கும் பசை போடவில்லை. அந்த மரத்தில் எண்ணெய்ப் பசை அதிகம் என்பதால் சாதாரண மரப்பசை சரியாகப் பிடிக்காது. மூட்டுத் துளைக்குள் உலர்வாகவே அடித்து இறுக்கியிருக்கிறார்.

அனுப்பும்போது கவனிக்க ஒன்று உண்டு. ஒட்டுப்பலகையல்லாத முழு மரப் பலகையில் பொதிப்பெட்டி அடித்தால் அந்தப் பலகையை 56 பாகை செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றியதற்கான, அல்லது அங்கீகரித்த வேறு முறையில் பதப்படுத்தியதற்கான முத்திரை இருக்கவேண்டும், பூச்சி நாடு விட்டு நாடு போகாமல் இருக்க உலகம் முழுக்க வைத்திருக்கும் விதி அது. ஒட்டுப்பலகைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மாமா ஒட்டுப்பலகையில் அடித்து அனுப்பினார், அதனால் தடங்கல் வரவில்லை. ஆனால் கப்பலால் வந்த பொதி இறங்கியபின் யாரோ அதை ஈரத் தரையில் வைத்திருந்தார்கள். பிரித்தபோது அடிப்பக்கம் முழுக்க வெள்ளைப் பூஞ்சணம். அம்மா அதிர்ந்து போனா. அது மேற்பூச்சில் பிடித்தது, மரத்துக்குள் போகவில்லை. நிழலில் காற்றாட வைத்து, உலர்ந்த துணியால் துடைத்து, பிறகு ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒருமுறை துடைக்கப் போய்விட்டது. வெயிலில் மட்டும் காயப்போடாதீர்கள். ஒரு பக்கம் சூடேறி மறுபக்கம் ஈரமாக இருந்தால் அந்த இழுவையில்தான் மரம் பிளக்கும். நாங்கள் பொதியைத் திறந்தபடி உள் அறையிலேயே சில வாரங்கள் விட்டு, பிறகுதான் நடு அறைக்குக் கொண்டுவந்தோம்.

முதல் மாரியில், வாடைக் காற்று இறங்கி மழை விடாமல் பெய்த கிழமையில், மூடி இறுகிவிட்டது. தூக்கினால் பெட்டகமே சேர்ந்து எழும்பியது. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓடாவியாரை, அதாவது தச்சரை, கூப்பிட்டோம். சீவுளியோடு வருவார் என்று நினைத்தோம், வெறுங்கையோடு வந்தார். நெடுநேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். காடிக்குள் பலகை நிற்பதை நகத்தால் அசைத்துப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு ஒரு கடதாசித் துண்டை மூடியின் இடுக்கில் விட்டு இழுத்துக்கொண்டே போனார். முன்பக்க வலது மூலையில் மட்டும் கடதாசி சிக்கியது.

"இதை இப்ப தொடக்கூடாது, தங்கச்சி. மாரியில சீவினா கோடையில அழுவியள். பங்குனி மட்டும் பொறுங்கோ. அம்மா ரீச்சருக்குச் சாமான் எடுக்கவேணுமெண்டா அந்த மூலையில மெழுகுதிரியைத் தேயுங்கோ."

மெழுகுதிரியைத் தேய்த்ததும் மூடி திறந்தது. பங்குனியில் தானாகவே தளர்ந்துவிட்டது. அப்போது சீவியிருந்தால் இன்று அந்த மூலையில் பல்லிக்குட்டி போய்வர வழி இருந்திருக்கும். அடுத்த மாரியிலும் கொஞ்சம் இறுகியது, ஆனால் முதல் தடவை போல இல்லை. மரம் புது ஊருக்குப் பழகிவிட்டது என்றார் ஓடாவியார். கதவு, யன்னல், லாச்சி எதுவானாலும் இதே விதிதான். ஈரத்தில் இறுகியதைக் கோடைவரை விட்டுவைத்துப் பார்த்த பிறகுதான் உளி வைக்க வேண்டும்.

மேற்பூச்சுக்கு மாமா பயன்படுத்தியது ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும். வெளிப்பக்கத்துக்கு மட்டும்தான். உள்ளே அந்த எண்ணெய் பூசினால் மூடிய பெட்டிக்குள் அதன் வாடை போகவே போகாது, துணியிலும் ஏறும். அதனால் உட்பக்கம் அரக்குப் பொலிஷ். எங்களூரில் மரச்சாமானுக்குத் தேங்காய் எண்ணெய் பூசும் பழக்கம் உண்டு. தயவுசெய்து இதற்குப் பூசவேண்டாம். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டு இறுகிப் படலமாகும். தேங்காய் எண்ணெய் காயவே காயாது, தூசியைப் பிடித்துக் கறுத்துச் சிக்கு நாறும். இன்னொன்று, இது உயிர் தொடர்பானது: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. அது காயும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவிட்டபின் எறியுங்கள், அல்லது தண்ணீரில் அமுக்கி வையுங்கள்.

பிணைச்சல், பூட்டு, திருகாணி எல்லாம் பித்தளை. உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடிக்கும் என்பது ஒன்று. மெஸ்கீட்டில் துவர்ப்புச் சத்து இருப்பதால் இரும்பும் ஈரமும் சேர்ந்தால் மரத்தில் மைக்கறை போலக் கறுப்பு இறங்கும் என்பது மற்றது.

பூச்சி பற்றி அதிகம் பயப்படவில்லை. மெஸ்கீட்டின் வைரப்பகுதியைப் பூச்சி லேசில் தொடாது. வெளிறிய மஞ்சள் நிற வெளிப்பகுதியைத்தான் உளுக்க வைக்கும், அதை மாமா முற்றாக நீக்கியிருந்தார். அப்படியும் சில்லுகளுக்கு அடியில் கருங்கல் தட்டு வைத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறோம். கறையான் வருவதானால் தரையிலும் சுவரிலும் மண்பாதை போட்டுத்தான் வரும், இடைவெளி இருந்தால் கண்ணில் படும். வீட்டில் வேறு மரச்சாமானின் அடியில் மாவு மாதிரித் தூள் கண்டால் அதை உடனே அறையை விட்டு வெளியே எடுங்கள்.

வெளிச்சம் பட்டால் மெஸ்கீட் வரவரக் கடுஞ்சிவப்பாக இருளும். மூடிமேல் ஒரே இடத்தில் விளக்குத் தட்டையோ பின்னல் துணியையோ விட்டால் அதன் உருவம் வெளிறித் தங்கிவிடும். அம்மா வெள்ளிக்கிழமை துடைக்கும்போது மேலே இருப்பதை இடம் மாற்றி வைப்பா, அவ்வளவுதான் பராமரிப்பு.

உள்ளே அம்மாவின் கூறைச்சேலை, அப்பாவின் பழைய கடிதங்கள், காணி உறுதியின் பிரதி. சேலையையும் கடதாசியையும் மரத்தில் நேரே படவிடாமல், கஞ்சி போகத் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றியிருக்கிறோம், மரத்தின் அமிலம் காலப்போக்கில் கறை ஏற்றும் என்பதால். மூல உறுதி வங்கியில் இருக்கிறது. இந்த மண்ணில் ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைக்கும் துணிவு எங்களுக்கு இல்லை.

பழைய பெட்டகத்தைச் செய்தவர் பேர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. இந்த முறை அப்படி விடவில்லை. மூடியின் உட்பக்கத்தில் மாமா தன் பேரையும் அம்மம்மாவின் பேரையும் ஆண்டையும் செதுக்கியிருக்கிறார். நான் ஒரு தாளில் எந்த மரம், எங்கே எடுத்தது, என்ன பூச்சு, எந்த மூலை மாரியில் இறுகும், பசையில்லாத முளைகளை எப்படிக் கழற்றலாம் என்றெல்லாம் எழுதி நகை அறைக்குள் வைத்தேன். எல்லாப் பக்கமும் படமெடுத்து, பக்கத்தில் அடிமட்டம் வைத்து அளவு தெரியும்படி, ரொரன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் மச்சாள்மாருக்கு அனுப்பிவிட்டேன். பெட்டகம் போனாலும் அளவு போகாது.

அந்தப் படங்களைப் பார்த்துத் தங்கச்சி தனக்கும் ஒன்று வேண்டும் என்கிறாள். மாமாவுக்கு இப்போது கை நடுக்கம், இனிப் பெரிய வேலை செய்யமாட்டார். ஓடாவியார் தன் வளவில் நெடுநாள் காயவைத்திருக்கும் வேம்புப் பலகையில் செய்துதர ஒப்புக்கொண்டிருக்கிறார். வேம்பு மெஸ்கீட்டைவிடக் கூட ஊதும் என்பதால் காடியில் கூடுதல் இடம் விடவேண்டும் என்று மாமா வீடியோவில் விளக்கினார். ஓடாவியார் முழுதும் கேட்டுவிட்டு, "ஓம் ஐயா, அது விடுவன். அந்த நீலக்கல்லில கொஞ்சம் அனுப்பேலுமோ?" என்றார்.